மூட்டில் ஒடியாத வளைவு

பொம்மை ரயில் ஓட்ட வளையும் தண்டவாளத்தை வாங்கிவந்து தோட்டத்தில் விரித்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். முதல் துண்டு கைக்கு இணங்கி அழகாக வளைகிறது. இரண்டாவது துண்டும் அப்படியே வளைகிறது. இரண்டையும் சேர்த்த இடத்தில் மட்டும் வளைவு காணாமல் போய் ஒரு மூலை முளைத்துவிடுகிறது. எஞ்சின் அந்த இடத்துக்கு வந்ததும் வெடுக்கென்று தலையைத் திருப்பிக்கொண்டு போகும். பின்னால் வரும் நீளமான பெட்டி தடம் புரளும். இணைப்புத் தகட்டை மாற்றிப் பார்ப்பார்கள், பக்கத்தில் ஆணி அடித்து நெருக்கிப் பார்ப்பார்கள், இரண்டு நாளில் மூலை மறுபடி வந்துவிடும்.

தேநீரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், இதை நிதானமாகத்தான் பேச வேண்டும். அந்த மூலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் வெயிலையும் மழையையும் பற்றியது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் லேமான் நிறுவனம் 1968-இல் எல்ஜிபி என்ற பெயரில் தோட்ட ரயில்களை விற்கத் தொடங்கியது. அதன் பாதையில் இரண்டு கம்பிகளுக்கும் இடையே 45 மில்லிமீட்டர். விகிதம் 1:22.5. மீட்டர்கேஜ் ரயிலின் 1000 மி.மீ. அகலத்தை 22.5 ஆல் வகுத்தால் 44.4 வருகிறது. அதாவது தோட்ட ரயிலின் பாதை, மீட்டர்கேஜ் பாதையின் அசல் சுருக்கம்.

நம் ரயில் மீட்டர்கேஜ். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885 ஜூன் முதல் தேதி ஓடிய முதல் ரயிலும், 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடாவுக்கு ஓடிய ரயிலும் அந்த அகலத்தில்தான் ஓடின. 1890-இல் ஆற்றுப் பாலம் முடிந்ததும் அதே பாதை கிள்ளானுக்குள் நுழைந்தது. இன்று பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகப் போர்ட் கிள்ளானுக்குப் போகிற கொம்யூட்டர் ரயிலின் அகலமும் மாறவில்லை. நாகப்பட்டினம் வரை மீட்டர்கேஜ் ரயிலில் வந்து, ரஜுலா கப்பலில் ஏறி, போர்ட் சுவெட்டன்ஹாமில் (இன்றைய போர்ட் கிள்ளான்) இறங்கி, மறுபடி மீட்டர்கேஜ் ரயிலில் ஏறித் தோட்டத்துக்குப் போன ஒரு தலைமுறை நமக்கு உண்டு. இங்கே அந்தக் கம்பிச்சடக்கில் ஜல்லி கொட்டி, கட்டை மாற்றி, மூட்டு முடுக்கிய கைகளில் பெரும்பாலானவை தமிழர்களின் கைகள். ஜப்பானியர் காலத்துச் சயாம் மரண ரயிலும் மீட்டர்கேஜ்தான். நம் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து ஜப்பானியர் பெயர்த்தெடுத்த கம்பிகள் அங்கே போயின. தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் ஆட்களும் அங்கே போனார்கள், பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலோ செந்தூல் பட்டறைப் பக்கமோ வளர்ந்த ஒருவர் வீட்டு முற்றத்தில் 45 மி.மீ. பாதை போடும்போது, அது ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. எனக்கும் அந்த நினைப்பு உண்டு.

சரி, மூட்டுக்கு வருவோம்.

ஒன்றரை மீட்டர் பித்தளைக் கம்பி ஒன்றை இரு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். நடுப்பகுதி வளையும். இரண்டு முனையிலும் கடைசி ஐந்தாறு சென்டிமீட்டர் நேராகவே நிற்கும். கம்பி ஓரிடத்தில் வளைய வேண்டுமானால் அந்த இடத்துக்கு இருபுறமும் நெம்ப வேண்டும். நடுவில் இருபுறமும் கம்பி நீண்டிருக்கிறது, நெம்ப முடிகிறது. முனையை நெருங்க நெருங்க ஒரு பக்கத்தில் பிடிமானம் குறைந்துகொண்டே வருகிறது. சரியாக முனையில் வளைக்கும் விசை பூஜ்யம். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கம்பியின் கடைசி முனையை வெறுங்கையால் வளைக்க முடியாது.

இப்போது இரண்டு கம்பிகளைச் சேர்க்கிறீர்கள். இந்தப் பக்கம் நேரான ஒரு முனை, அந்தப் பக்கம் நேரான ஒரு முனை, நடுவில் மெல்லிய ஓர் இணைப்புத் தகடு. தகடு கம்பியின் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறதே தவிர, பக்கவாட்டில் திரும்புவதைத் தடுக்கும் பலம் அதற்கு இல்லை. அது கதவுக் கீல் போலத் திரும்பிக் கொடுக்கிறது. கையால் வளைத்த இரண்டு கம்பிகளும் நிமிர்ந்துவிடத் துடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த நெருக்கலில் மூட்டு வளைவின் வெளிப்பக்கம் தள்ளப்பட்டுக் கூராகிவிடுகிறது. நீங்கள் பார்த்த மூலை இதுதான்.

ஆகவே நல்ல மூட்டு என்பது பக்கவாட்டில் திரும்பக் கூடாது. ஆனால் நீளவாட்டில் நகர வேண்டும், ஏனென்றால் உலோகம் வெயிலில் நீளும். பக்கவாட்டுப் பிடிப்பும் நீளவாட்டுத் தளர்வும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும். இனிச் சொல்லப்போகிற எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான்.

முதல் வேலை, கம்பி நிமிர நினைக்காதபடி செய்வது. பொருத்துவதற்கு முன்பே அதற்கு நிரந்தரமாக வளைவைக் கொடுத்துவிட வேண்டும். இதற்கென்றே கம்பி வளைப்பான் என்ற கருவி இருக்கிறது. மூன்று உருளைகளுக்கு நடுவே கம்பியை ஓட்டி, திருகை முடுக்கி, மறுபடி ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பது. இரண்டு கம்பிகளையும் சேர்த்தே வளைக்கும் பெரிய கருவியும் உண்டு. ஒரே ஓட்டத்தில் முழு வளைவையும் கொண்டுவரப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு ஓட்டத்தில் வந்தால் போதும். வளைத்து முடித்த கம்பியைத் தரையில் வைத்தால், யாரும் பிடிக்காமலே உங்களுக்கு வேண்டிய வளைவில் அது கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தால் மூட்டை நெருக்கித் தள்ளுகிற விசையே இல்லாமல் போகிறது.

ஆனாலும் உருளைக் கருவிக்கும் முனை எட்டாது. இரண்டு வெளி உருளைகளுக்கு இடையே எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அதில் பாதி நீளம் ஒவ்வொரு முனையிலும் நேராக மிஞ்சும். இதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான்: வளைத்த பிறகு அந்த நேரான முனையை வெட்டி எறிந்துவிடுங்கள். பித்தளை விலைக்கு மனசு கேட்காதுதான். ஒரு முனைக்கு ஐந்து சென்டிமீட்டர் போகும். ஆனால் வெட்டிய இடத்தில் கம்பி முழு வளைவோடு முடிகிறது. அதே மாதிரி முடியும் அடுத்த கம்பியோடு சேரும்போது, மூட்டு இருக்கும் இடத்தைக் கண் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மேசைமேல் போடும் சின்ன அளவுப் பாதைகளில் இன்னொரு வழக்கம் உண்டு. இரண்டு துண்டையும் நேராக வைத்து ஈயத்தால் பற்றவைத்து, ஒரே நீளமாக ஆக்கிக்கொண்டு, பிறகு வளைப்பார்கள். விசிறி ஓடும் அறைக்குள் அது நல்ல வழி. வெயில் படும் தோட்டத்தில் எல்லா மூட்டையும் அப்படிப் பற்றவைத்தால் கம்பிக்கு நகர இடமிருக்காது. அதைக் கடைப்பிடிக்க வேண்டாம்.

இரண்டாவது வேலை, இரு கம்பிகளின் மூட்டுகளையும் எதிரெதிரே வைக்காமல் இருப்பது. உள்கம்பியின் மூட்டும் வெளிக்கம்பியின் மூட்டும் ஒரே இடத்தில் வந்தால் பாதை முழுவதுமே அந்த இடத்தில் திரும்பிக் கொடுக்கும். உள்கம்பியின் மூட்டுக்கு எதிரே வெளிக்கம்பியின் நடுப்பகுதி வந்தால், முழுக்கம்பியின் விறைப்பு சிலிப்பர் கட்டைகள் வழியாக மூட்டைப் பிடித்துக்கொள்கிறது. இது பொம்மை ரயில்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. இந்திய ரயில்வேயின் பாதைப் பராமரிப்பு விதிகளில் மூட்டுகளை நேர் எதிராக வைப்பதுதான் வழக்கம். ஆனால் மீட்டர்கேஜில் 300 மீட்டருக்கும் குறைந்த ஆரமுள்ள வளைவுகளில், மூட்டு ஒடியும் என்று தோன்றினால் மாற்றி வைக்கலாம் என்று அதே விதி இடம் கொடுக்கிறது. 300 மீட்டரை 22.5 ஆல் வகுத்தால் 13 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் தேரஸ் வீட்டு முற்றத்தில் 13 மீட்டர் ஆரத்துக்கு எங்கே போவது? ஒன்றரை மீட்டர் ஆரம் கிடைத்தாலே பெரிது. அந்தக் கணக்கில் நாம் போடும் வளைவு ஒவ்வொன்றும் கடும் வளைவுதான். ஆகையால் மூட்டுகளைக் கம்பி நீளத்தில் ஏறத்தாழப் பாதி தூரம் தள்ளித் தள்ளி வைப்பதை வளைவுகளில் விட்டுவிடாதீர்கள். முடிந்தால் மூட்டே வளைவின் நடுவில் வராமல், நேர்ப்பாதையில் விழும்படி திட்டமிடுங்கள்.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். வளையும் பாதையை வளைத்ததும் உள்கம்பி முனையில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வெளிக்கம்பியைவிட உள்கம்பி சுற்றும் தூரம் குறைவு என்பதால் வருவது அது. எவ்வளவு குறைவு என்பதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. இரு கம்பிகளின் மையங்களுக்கும் இடையே ஏறத்தாழ 48 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்வட்டம் திரும்பினால் உள்கம்பி சுமார் 75 மி.மீ. மிஞ்சும். ஆரம் ஒரு மீட்டரானாலும் மூன்று மீட்டரானாலும் இதே 75 மி.மீ.தான். திரும்பிய கோணம் மட்டுமே கணக்கு, ஆரம் கணக்கில் வராது. முழுவட்டத்துக்கு 30 சென்டிமீட்டர். பெரிய ரயிலிலும் இதே விதிதான்: மீட்டர்கேஜ் பாதை கால்வட்டம் திரும்பினால் உள்கம்பி ஒன்றரை மீட்டருக்கும் சற்று மேலாகக் குறையும். இதைத் தெரிந்துகொண்டால் ஒவ்வொரு துண்டின் முனையிலும் துருத்துவதை வெட்டவேண்டியதில்லை. அதை அப்படியே விட்டு, அடுத்த கம்பியை அங்கிருந்தே தொடங்குங்கள். மூட்டுகள் தாமாகவே ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும். மிஞ்சியதை வளைவு முடிந்து நேர்ப்பாதை வரும் இடத்தில் ஒரே தடவையில் வெட்டிக்கொள்ளலாம்.

வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பல் நெருக்கமான இரும்பறுக்கும் ரம்பம் போதும், சுழலும் தகடும் ஆகும். தகடென்றால் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். வெட்டு செங்குத்தாக இருக்க வேண்டும். கம்பியை மரத்துண்டில் வைத்து இறுக்கிக்கொண்டால் ரம்பம் சாயாது. வெட்டிய முனையில் மேலும் கீழும் உள்ளும் பிசிர் இருக்கும், அரத்தால் எடுத்துவிடுங்கள். கம்பியின் அடிவிளிம்பை லேசாகச் சாய்த்து ராவினால் தகடு தடங்கலின்றி ஏறும். சக்கரம் உரசும் உள்விளிம்பில் மயிரிழை அளவு மழுக்கிவிட்டால், இரண்டு கம்பியும் துளி மாறியிருந்தாலும் சக்கர விளிம்பு அதில் ஏறாது.

கட்டைகளை மட்டும் அவசரமாகத் தாண்டிப் போக மாட்டேன். இணைப்புத் தகடு உட்காருவதற்கு இடம் வேண்டும் என்று, மூட்டில் வரும் ஒன்றிரண்டு சிலிப்பர் கட்டைகளைக் கழற்றி வீசிவிடுவது எல்லோரும் செய்வது. கடைசியில் மூட்டுக்கு அடியில் கட்டையே இல்லாமல் ஒரு பள்ளம் தெரியும். பார்க்க அசிங்கம் என்பதோடு அது தலைகீழான வேலையும்கூட. பெரிய ரயிலில் மூட்டுக்கு இருபுறமும் உள்ள கட்டைகளை மற்ற இடத்தைவிட நெருக்கமாக வைப்பார்கள், ஏனென்றால் அங்கேதான் சக்கரம் இடிக்கிறது. நாம் பலவீனமான இடத்தில் தாங்கலைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். கழற்றிய கட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின்மேல் கம்பியைப் பிடிக்கும் சின்னப் பிளாஸ்டிக் கொக்கிகளைக் கத்தியால் சீவி, தகட்டின் கனம் அளவுக்குக் கட்டையின் முதுகையும் கொஞ்சம் செதுக்கி, மூட்டுக்கு அடியில் பக்கவாட்டிலிருந்து நுழையுங்கள். மற்ற கட்டைகளின் இடைவெளியோடு ஒத்துப்போக வேண்டும், ஒரு நூல் நெருக்கமாக இருந்தாலும் நல்லதே. ஜல்லி போட்டு நிரவியதும் அது ஒட்டுக்கட்டை என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கு மூட்டு ஒன்றுக்குப் பத்து நிமிடம் ஆகும். சுத்தமான பாதைக்கும் சுமாரான பாதைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்தப் பத்து நிமிடம்தான் என்பது என் கருத்து.

இப்போது வெயில்.

தோட்ட ரயில் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுக்குக் கம்பியின் நீட்டமும் சுருக்கமும் வருடக் கணக்கு. ஜனவரியில் பனி, ஜூலையில் வெயில், நடுவில் மெல்ல மெல்ல மாற்றம். நமக்கு அது நாள் கணக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் காற்று 24 டிகிரி அளவில் இருக்கும், கம்பியும் அவ்வளவுதான். பிற்பகல் காற்று 33 டிகிரியைத் தொடும். நேர்வெயிலில் கிடக்கும் கம்பி காற்றைவிட இன்னும் 20 டிகிரிக்கும் மேலே போய் 55-ஐத் தாண்டிவிடும். மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ வானம் கறுத்து இடியோடு மழை கொட்டும். ஏப்ரலிலும் நவம்பரிலும் இது அநேகமாகத் தினசரிக் காட்சி. 55 டிகிரியில் தகித்த கம்பி சில நிமிடங்களில் 25-க்கு இறங்குகிறது. ஒரு குளிர்நாட்டுக் கம்பி வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் அசைவில் பாதிக்கு மேல் நம் கம்பி ஒரே நாளில் பார்த்துவிடுகிறது. மறுநாளும் அதையே பார்க்கிறது.

அளவு என்னவென்று பார்ப்போம். பித்தளை ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 19 பங்கு நீளும். ஒன்றரை மீட்டர் கம்பி 35 டிகிரி ஏறினால் சரியாக ஒரு மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பத்து மீட்டர் பாதையில் இடைவெளியே விடாமல் முட்டக் கோத்திருந்தால் அது ஆறரை மி.மீ. ஆகிறது. போக இடமில்லாத அந்த ஆறரை மி.மீ. எங்கே பலவீனமோ அங்கே பக்கவாட்டில் பிதுங்கும். பலவீனமான இடம் மூட்டு. காலையில் நேராக இருந்த பாதை மதியம் பாம்பாக நெளிவது இப்படித்தான்.

ஆகவே மூட்டில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. நீங்கள் எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்பதுதான் பதில். விடியற்காலையில் போட்டால், இன்னும் வரப்போகிற 35 டிகிரிக்காக ஒரு மி.மீ. முழுவதும் விட வேண்டும். பிற்பகல் வெயிலில் கம்பி கையைச் சுடும்போது போட்டால் முனைகள் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலே சரி, மாலையில் தானாகத் திறந்துகொள்ளும். எனக்குப் பிடித்தது காலை ஒன்பது மணி வாக்கு. கம்பி 30 டிகிரி அளவில் இருக்கும், இன்னும் 25 டிகிரிக்கு மேல் ஏற வேண்டியிருக்கும், அதற்கு முக்கால் மி.மீ. போதும். முக்கால் மி.மீ.க்கு அளவுகோல் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது: டச் அன் கோ அட்டையும் வங்கி அட்டையும் 0.76 மி.மீ. கனம். காலாவதியான அட்டை ஒன்றைக் கம்பி அகலத்துக்குக் கீற்றாக நறுக்கி, இரு முனைகளுக்கும் நடுவே வைத்து, கம்பியைத் தள்ளி ஒட்டி, தகட்டை இறுக்கிவிட்டுக் கீற்றை உருவிக்கொள்ளுங்கள். இது ஒன்றரை மீட்டர் கம்பிக்கான கணக்கு. முக்கால் மீட்டர் துண்டானால் பாதி போதும்.

எல்லா மூட்டையும் ஒரேநாளில் ஒரே நேரத்தில் போட முடியாதே என்று கேட்கலாம். தேவையில்லை. ஒவ்வொரு மூட்டும் அந்த நேரத்துக் கம்பிச் சூட்டுக்கு ஏற்ற இடைவெளியைப் பெற்றால் எல்லாம் கடைசியில் ஒன்றாகவே அசையும். வெயிலிலும் நிழலிலும் மாறி மாறிப் போகும் பாதையில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாமரத்தடியில் கிடக்கும் கம்பிக்கு 55 டிகிரி ஒருநாளும் வராது.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்பார்: கொம்யூட்டர் பாதையில் இடைவெளியே இல்லையே, பழைய ரயிலில் கேட்ட தடக் தடக் சத்தமே இல்லையே, அது எப்படி? நல்ல கேள்வி. பழைய பாதையில் 12 மீட்டர் எஃகுக் கம்பி ஒன்று அதே 35 டிகிரிக்கு ஏறத்தாழ 5 மி.மீ. நீளும். அதற்காக விட்ட இடைவெளியில் சக்கரம் விழுந்து எழுந்த சத்தம்தான் நாம் கேட்டது. இன்று கம்பிகளைப் பற்றவைத்து ஒரே நீளமாக்கி, கனத்த கான்கிரீட் கட்டைகளாலும் ஆழமான ஜல்லியாலும் நகர முடியாதபடி பிடித்துவைக்கிறார்கள். கம்பி நீள நினைக்கிறது, முடிவதில்லை, அந்த நினைப்பெல்லாம் உள்விசையாக மாறுகிறது. மீட்டருக்கு 54 கிலோ எடையுள்ள கம்பியில் அது ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 1.7 டன். இருபது டிகிரி ஏறினால் 33 டன்னுக்கு மேல். அதைத் தாங்கிப் பிடிக்கக் கட்டைக்கும் ஜல்லிக்கும் எடை வேண்டும். நம் பாதையின் கட்டை பிளாஸ்டிக், ஜல்லி கைப்பிடி. நம்மால் பிடித்துவைக்க முடியாது, ஆகவே நகரவிடுகிறோம். அதே காரணத்துக்காகப் பாதையைச் சிமெண்ட் தரையில் அடிக்கொரு திருகு போட்டு இறுக்கவும் கூடாது. தரை அவ்வளவு நீளாது, பித்தளை நீளும், இடையில் கட்டை கிழியும். ஜல்லியில் மிதக்க விடுங்கள். வளைவுகள் பகலில் ஒரு நூல் வெளியே போய் மாலையில் திரும்பி வருவதைப் பார்க்கலாம். அது கோளாறு அல்ல.

எந்தத் தகடு போடுவது என்று கேட்டால், தோட்டத்துக்குத் திருகு போட்டு இறுக்கும் கிளாம்ப் வகைதான் என் தேர்வு. சறுக்கித் தள்ளும் சாதாரணத் தகடு மலிவு, ஆனால் பக்கவாட்டுப் பிடிப்பு குறைவு. கிளாம்ப் இரண்டு பக்கமும் கம்பியைக் கவ்விக்கொள்வதால் மூட்டு எளிதில் திரும்பாது. பிடியும் தளர்வும் ஒன்றாக வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? வளைவுகளில் எல்லா மூட்டுக்கும் கிளாம்பை இறுக்கிவிட்டு, நேர்ப்பாதையில் நான்கைந்து மீட்டருக்கு ஒன்றாகச் சறுக்கு மூட்டுகளை இடைவெளியோடு விடுவது ஒரு முறை. அப்போது அந்தச் சறுக்கு மூட்டு தன்னைச் சுற்றியுள்ள எல்லா நீட்டத்தையும் தானே தாங்க வேண்டும் என்பதால், இடைவெளியை அந்த முழு நீளத்துக்கும் கணக்கிட்டு விட வேண்டும். நான்கு மீட்டருக்கு ஒன்றென்றால், காலை ஒன்பது மணிக்கு இரண்டு மி.மீ. அவ்வளவு இடைவெளியைப் பெரிய சக்கரம் பொருட்படுத்தாது.

கம்பியின் உயரத்திலும் ஒரு தேர்வு இருக்கிறது. கோட் 332 என்பது 8.4 மி.மீ. உயரம். அதை 22.5 மடங்கு பெருக்கினால் 190 மி.மீ. வரும். 54 கிலோ கம்பியே 159 மி.மீ.தான் என்பதால் இது பார்வைக்குக் கொஞ்சம் பருமன். கோட் 250 என்றால் 6.35 மி.மீ., பெருக்கினால் 143, மலாயாப் பாதையின் தோற்றத்துக்கு நெருங்கி வரும், வளைப்பதும் சுலபம். ஆனால் தென்னை மட்டை விழும் இடத்திலும் பிள்ளைகள் ஓடும் இடத்திலும் 332-தான் நிற்கும்.

மின்சாரத்தில் எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் அடுத்தது. தினமும் நகரும் மூட்டில் மழைநீர் புகுந்து பித்தளை பச்சை பூக்கும், மின்சாரம் தடைபடும். தகட்டுக்குள் கிராபைட் பசை தடவுவது கொஞ்சகாலம் உதவும். நிரந்தர வழி, பல இழைச் செம்புக் கம்பி ஒன்றை மூட்டின் இருபுறமும் தண்டவாளத்தின் அடிப்பக்கத்தில் பற்றவைப்பது. நடுவில் சிறிய தொய்வு விடுங்கள், மூட்டு நகரும்போது அது இழுபடாமல் இருக்கும். பற்றவைக்கும்போது பிளாஸ்டிக் கட்டை இளகாமலிருக்க இருபுறமும் ஈரத்துணி சுற்றிக்கொள்ளலாம். பேட்டரியிலோ நீராவியிலோ ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

மண்ணையும் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் மேட்டுப் பகுதியில் செம்மண், மழைக்குக் கரைந்து ஓடும். கிள்ளானிலும் துறைமுகப் பக்கத்திலும் கடலோரக் களிமண், பாரம் தாங்காமல் வருடக்கணக்கில் மெல்ல அமிழும். கம்பியின் நடுப்பகுதிக்குக் கீழே மண் இறங்கினால் கம்பியே பாலமாகத் தாங்கிக்கொள்ளும். மூட்டுக்குக் கீழே இறங்கினால் தாங்க ஆளில்லை, மூட்டு தொங்கும். அதனால் பாதைக்குக் கீழே அரையடி தோண்டிக் கரடுமுரடான கல் நிரப்பி, மேலே தூசிக்கல்லும் சின்ன ஜல்லியும் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். உருண்டைக் கூழாங்கல் வேண்டாம், நிற்காமல் உருளும். உடைத்த கல்லில்தான் முனைகள் ஒன்றையொன்று பிடிக்கும். மரப்பலகைமேல் பாதை போடுவது இங்கே கரையானுக்கு வைக்கும் விருந்து.

எல்லாம் போட்டாயிற்று. மூட்டு ஒழுங்காக வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும் என்றாலும், நூல் போட்டுப் பார்ப்பதே நிச்சயம். பெரிய ரயிலின் பாதைக்காரர்கள் செய்வது இதுதான், இந்திய ரயில்வேயில் அதற்கு 20 மீட்டர் நூல். நமக்கு 60 சென்டிமீட்டர் போதும். வெளிக்கம்பியில் 30 செ.மீ.க்கு ஒன்றாகச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்கு அடுத்த கோட்டுக்கு, கம்பியின் உள்விளிம்பை ஒட்டி நூலை இழுத்துப் பிடித்தால், நடுக்கோட்டில் நூலுக்கும் கம்பிக்கும் இடையே ஓர் இடைவெளி தெரியும். அதை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். நூலின் நீளத்தை அதனாலேயே பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரவேண்டிய எண் கிடைக்கும். 600 மி.மீ. நூலுக்கும் 1500 மி.மீ. ஆரத்துக்கும் அது 30. ஒவ்வொரு கோடாக நகர்ந்து அளந்தால் 30, 29, 31, 30 என்று வரிசையாக வர வேண்டும். 26, 38, 26 என்று வந்தால், நடு எண் விழுந்த இடத்தில் மூட்டு ஒடிந்திருக்கிறது என்று பொருள். இருபுறமும் உள்ள 26 என்ன சொல்கிறது பாருங்கள்: அங்கே கம்பி வளைவு குறைந்து கிடக்கிறது, அங்கே திரும்பாத திருப்பமெல்லாம் மூட்டில் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் சரிசெய்யப் போகும்போது மூட்டை உள்ளே தள்ளாதீர்கள். தகட்டைக் கழற்றி, இரண்டு பக்கக் கம்பிக்கும் இன்னும் கொஞ்சம் வளைவு ஏற்றி, மறுபடி மாட்டுங்கள். 38 தானாக 30-க்கு இறங்கும்.

இந்த அளவை விடியற்காலையில் ஒருமுறையும் மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறையும் எடுப்பது நல்லது. காலையில் சரியாக இருந்து மதியம் ஒரு மூட்டில் மட்டும் எண் ஏறினால், அந்த மூட்டில் இடைவெளி போதவில்லை. அதன் பக்கத்து மூட்டுகளையும் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்துத் தகடு ஒன்று பச்சை பிடித்து இறுகி, நகர மறுத்திருக்கும், அதன் பங்கையும் இந்த மூட்டே சுமந்துகொண்டிருக்கும். இறுகிய தகட்டைக் கழற்றித் துடைத்துப் பசை தடவி மாட்டினால் இரண்டும் சரியாகிவிடும். முதல் பெருமழை நாலைந்து அடித்து ஓய்ந்த பிறகு, ஜல்லி அமிழ்ந்த இடங்களில் மூட்டுகளைத் தூக்கி மறுபடி ஜல்லி இட்டுக் கெட்டிப்படுத்தி, நூலை இன்னொரு சுற்று கொண்டுபோங்கள். அதற்கப்புறம் வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் மழைக்குப் பின் ஒன்றும் நவம்பர் மழைக்குப் பின் ஒன்றும் பார்த்துக்கொண்டால் போதும்.